சணப்பா, கிலுகிலுப்பையா?

சென்ற கார்த்திகை மாதக் கூட்டம் முடிந்து, வருகைப் பதிவேட்டை மூடி வைத்த நேரம். நம் சங்கத்து நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் கை நிறைய மஞ்சட்பூக் கொத்துகளுடன் வந்து அவற்றை மேசைமேல் வைத்தார். ஏரிக்கரையின் தென்புறத்தில் இச்செடி இடுப்பளவு உயரத்திற்கு அடர்ந்து கிடப்பதாகவும், தம் வீட்டம்மாள் ஒரு கட்டு அறுத்து வந்து கொட்டகையில் போட்டிருப்பதாகவும் தெரிவித்தார்.

"ஐயா, போன வருஷம் சங்கத்திலே கொடுத்த சணப்பு விதைதான் கரையிலே சிந்தி இப்படி முளைச்சிருக்குன்னு நினைக்கிறேன். பூ அதே பூத்தான். மாட்டுக்கு அறுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

நம்மில் ஒருவர் சிறிதும் ஆராயாமல், "தாராளமாகப் போடுங்கள், சணப்புத்தானே!" என்று கூறியே விட்டார். இதை மறைப்பதற்கில்லை. இக்கட்டுரையை எழுத நேர்ந்ததற்கு அந்த ஒரு சொல்லே காரணம்.

கடன் தவணை செலுத்திவிட்டு ரசீதுக்காகத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், நெடுநாள் புன்செய் வேளாண்மை செய்தவர், எழுந்து வந்து ஒரு கொத்தைக் கையிலெடுத்தார். "தம்பி, இது சணப்பு இல்லே, கிலுகிலுப்பை. முத்தின காயைக் காதுகிட்டே ஆட்டிப் பாருங்க" என்றார். ஆட்டிப் பார்த்தோம், குழந்தைகளின் கிலுகிலுப்பையைப் போலவே ஒலித்தது. "சணப்புக் காயும் காய்ந்தால் ஒலிக்குமே, ஆத்தா?" என்று கேட்டோம். அவர் சற்றும் தயங்கவில்லை. "ஒலிக்கும்தான். ஆனா இலை நுனியைப் பாருங்க. சணப்பு இலை கூரா இருக்கும். இது மொட்டை. எங்க மாமியார் காலத்திலேருந்து இதை மாட்டுக்குப் போடுறதில்லே" என்றார்.

கொட்டகையில் கிடந்த கட்டு அன்று மாலையே எருக்குழிக்குச் சென்றது. கறவை மாடு அதைத் தின்னவில்லை. ஆயினும் நமக்கு அன்றிரவு மனம் அமைதிப்படவில்லை. ஆண்டுதோறும் சணப்பு விதை வாங்கி அங்கத்தினர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் நாமே, அச்செடியை அதன் உறவினத்திலிருந்து பிரித்தறிய இயலாதவர்களாய் இருந்தோம் என்பது எத்துணை வெட்கத்திற்குரியது! எனவே அம்மூதாட்டியார் ஒரு வாக்கியத்தில் கூறியதை முறையாகக் கற்றுக்கொள்ளத் துணிந்தோம். கற்றதை அங்கத்தினர்கள் அனைவருக்கும் உரித்தாக்குவது நம் கடமையாகும்.

எந்தக் குடும்பம்?

ஒரு செடியை இன்னதென்று அறிய விழைவோர் முதலில் அதன் குடும்பத்தைக் கண்டுகொள்ள வேண்டும். மஞ்சட்பூ என்ற ஒன்றை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்தல் கூடாது. ஆவாரையும் மஞ்சள், தகரையும் மஞ்சள், நெருஞ்சியும் மஞ்சள்.

அவரை, துவரை, உளுந்து, நிலக்கடலை ஆகியவற்றின் பூவை அங்கத்தினர்கள் யாவரும் பார்த்திருப்பர். அப்பூவில் ஐந்து இதழ்கள் உண்டு. மேலே அகன்று நிமிர்ந்து நிற்கும் ஒன்றினைக் கொடியிதழ் என்பர். இருபுறமும் உள்ள இரண்டு, சிறகிதழ்கள். கீழே இரண்டு இதழ்கள் விளிம்பில் ஒட்டி ஒரு சிறு படகினைப் போல் அமைந்திருக்கும், அது படகிதழ். மகரந்தத் தாள்களும் சூலகமும் அப்படகிற்குள் மறைந்து கிடக்கும். ஏரிக்கரைப் பூவை விரித்துப் பார்த்தபோது இவ்வமைப்பு முழுவதும் இருந்தது. ஆகவே அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. தகரையும் ஆவாரையும் இதே பெருங்குடும்பத்தில் சேர்க்கப்பட்டவையே எனினும், அவற்றின் பூவில் இந்தப் படகு இல்லை. இதழ்கள் ஏறக்குறைய ஒத்த அளவினவாய் விரிந்திருக்கும். அவற்றை இங்கேயே விலக்கிவிடலாம்.

வேரைப் பறித்துப் பார்ப்பதும் நன்று. அவரைக் குடும்பத்துச் செடிகள் பெரும்பாலானவற்றின் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அம்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருணவாக மாற்றித் தருகின்றன. முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தென்படுமாயின், அது முறையாக வேலை செய்கிறது என்று பொருள். ஏரிக்கரைச் செடியின் வேரிலும் அத்தகைய முடிச்சுகள் காணப்பட்டன.

எந்த இனம்?

இனி, குடும்பத்திற்குள் எந்த இனத்தது என்று காண வேண்டும். இதற்கு மூன்று அடையாளங்கள் போதுமானவை.

முதலாவது, காய். அது தட்டையாக இராமல், காற்றடைத்த சிறு பை போல் உப்பியிருக்கும். முற்றிக் காய்ந்தபின் விதைகள் உட்சுவரினின்று கழன்று உள்ளே உருளும், அசைத்தால் ஒலிக்கும். தமிழில் கிலுகிலுப்பை என்றும் மலையாளத்தில் கிலுக்கி என்றும் பெயர் வழங்குவது இதனாலேயே. இவ்வினத்திற்குத் தாவர நூலார் இட்ட கிரொட்டலேரியா என்னும் பெயரும், ஒலியெழுப்பும் தாளக் கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததே. எங்கோ பிறந்த புலவர்களும் நம் ஊர்க் குழந்தைகளும் ஒரே ஓசையைக் கேட்டு ஒரே பெயரை இட்டிருக்கின்றனர்!

இரண்டாவது, படகிதழின் நுனி. அது மழுங்கி முடியாமல், கிளி மூக்கைப் போல் நீண்டு வளைந்து, சிறிது முறுக்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, மகரந்தத் தாள்கள். அவரை, துவரை முதலியவற்றில் பத்துத் தாள்களுள் ஒன்பது ஒன்றாக இணைந்து, பத்தாவது தனித்து நிற்கும். கிலுகிலுப்பை இனத்திலோ பத்தும் அடியில் ஒன்றாகவே இணைந்திருக்கும். அவற்றின் நுனியிலுள்ள மகரந்தப் பைகளில் ஐந்து நீண்டும் ஐந்து சிறுத்தும் மாறி மாறி அமைந்திருக்கும். கைக்கண்ணாடி ஒன்றிருந்தால் நன்கு காணலாம்.

இம்மூன்றும் பொருந்தினால் செடி கிலுகிலுப்பை இனத்தது. ஆனால் நம் சணப்பும் இதே இனத்தது என்பதை மறக்கலாகாது. கூடப்பிறந்தவர்களைப் பிரித்தறிவதுதான் இங்குள்ள கடினம்.

உடன்பிறந்தோர் அறுவர்

நம் பகுதியில் காணக்கூடிய முக்கியமான ஆறு செடிகளின் அடையாளங்களைக் கீழே தருகிறோம். முதற்கேள்வி ஒன்றுதான்: இலை தனியிலையா, வில்வம் போல் மூன்று சிற்றிலைகள் சேர்ந்ததா?

மூன்று சிற்றிலைகள் உள்ளவற்றுள் ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சாலையோரங்களிலும் தரிசுகளிலும் பரவிய பல்லிடா என்னும் வகை. மஞ்சட்பூவில் செம்பழுப்புக் கோடுகள் ஓடும்; ஒடுங்கிய உருளை வடிவக் காய்கள் தண்டோடு கீழ்நோக்கித் தொங்கும். மற்றொன்று, நம் நாட்டிலும் இயற்கையாக வளரும் லபர்னிபோலியா. இதன் பூ பெரியது. பக்கவாட்டில் பார்த்தால் பறக்கும் சிறு பறவையைப் போல் தோன்றும். காய் நீண்ட காம்பில் தொங்கும். இவ்விரண்டையும் சணப்பென மயங்க வழியில்லை. இலையே காட்டிக் கொடுத்துவிடும்.

தனியிலை உடையவற்றுள் முதலாவது, சணப்பு. தாவர நூலில் ஜன்சியா எனப்படும். ஓராள் உயரத்திற்கும் மேலாக, அதிகம் கிளைக்காமல் நேராக வளரும். இலை நீண்டு ஒடுங்கிக் கூர்மையாக முடியும். இலையிலும் தண்டிலும் பட்டுப்போன்ற மென்மயிர் படிந்திருக்கும். பூ நல்ல மஞ்சள். காயின்மேல் வெல்வெட்டுத் துணியைத் தடவியது போன்ற மயிர்ப்பூச்சு இருக்கும். இக்கடைசி அடையாளத்தை நெசவாளர்கள் விரலாலேயே அறிந்துவிடலாம்.

இரண்டாவது, வெருக்கோசா. இதன் தண்டு நாற்கோணமானது, இலை அகன்றது, இலைக்காம்பின் அடியில் பிறை வடிவில் இலைபோன்ற இரு செதில்கள் இருக்கும். பூ மஞ்சளன்று, வெண்மையும் நீலமும் ஊதாவும் கலந்தது. இதையும் கிலுகிலுப்பை என்றே மக்கள் அழைக்கின்றனர்.

மூன்றாவது, நம் ஏரிக்கரைச் செடியாகிய ரெட்டூசா. ரெட்டூசா என்பதற்கு நுனி மழுங்கிப் பள்ளம் விழுந்தது என்று பொருள். இலை அடியில் ஒடுங்கி மேலே அகன்று, நுனியில் வட்டமாக முடிந்து, நடுவில் ஒரு சிறு வெட்டு விழுந்ததுபோல் இருக்கும். மூதாட்டியார் "மொட்டை" என்றது இதனைத்தான். இலையின் மேற்புறம் வழவழப்பானது; அடிப்புறத்தில் படிந்த மென்மயிர் உண்டு. செடி ஒரு மீட்டர் அளவு வளரும். தண்டின் நுனியில் நீண்ட பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். மஞ்சள் கொடியிதழின் அடியில் செந்நிற அல்லது ஊதாநிறக் கோடுகள் தெளிவாகத் தெரியும். காய் 3 அல்லது 4 சென்டிமீட்டர் நீளம். மயிரே இல்லாமல் வழவழவென்றிருந்து, முற்றியதும் கறுத்துப் போகும்.

நான்காவது, நானா என்னும் சிறு செடி. பெயருக்கேற்பக் குள்ளமானது, ஒரு சாணுக்கு மேல் அரிதாகவே உயரும். பூவும் காயும் மிகச் சிறியவை. புல்லோடு புல்லாக மறைந்திருக்கும். இதைப் பற்றிப் பின்னர் விரிவாகக் கூறுவோம். ஏனெனில் அறுவருள் சிறியதாகிய இதன் கதையே மிகவும் துயரமானது.

ஆகவே ஏரிக்கரையில் நின்றவண்ணமே மூன்று சோதனைகள் செய்யலாம். இலை நுனி கூரா, மொட்டையா? காய் மயிருடையதா, வழவழப்பா? கொடியிதழின் அடியில் செங்கோடுகள் தெளிவாக உண்டா? இலை மொட்டை, காய் வழவழப்பு, பூவில் செங்கோடு என்று மூன்றும் ஒத்தால் அது ரெட்டூசாவே. ஒன்று ஒத்து மற்றொன்று ஒவ்வாவிடில் முடிவு கூறாது வைப்பதே அறிவுடைமை.

நம் நாட்டுச் செடியே

இக்கிலுகிலுப்பை எங்கிருந்தோ வந்து புகுந்த களையன்று. வெப்பமண்டல ஆசியாவின் சொந்தச் செடி. டச்சுக்காரரான வான் ரீட் என்பவர் கேரளக் கரையிலிருந்து செடிகளைத் திரட்டி 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் என்னும் பெருநூலில் இவ்வினத்துச் செடிகள் படங்களுடன் இடம்பெற்றுள்ளன. 1753-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லின்னேயஸ் அவற்றுள் சிலவற்றிற்கு இன்று வழங்கும் பெயர்களை இட்டார். சணப்பும் ரெட்டூசாவும் வெருக்கோசாவும் அந்த ஆண்டிலேயே பெயர் பெற்றவை. பின்னர், 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த சென்னை மாகாணத் தாவர நூலில் கேம்பிள் என்பாரும், அவருக்குப்பின் அதை நிறைவு செய்த பிஷர் என்பாரும் நம் பகுதிச் செடிகளை முறையாகத் தொகுத்தனர். திருச்சிராப்பள்ளியில் கே. எம். மாத்யூ அடிகளார் தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றி 1980-களில் வெளியிட்ட தொகுதிகள் இன்றும் ஆய்வாளர்களுக்குக் கைவிளக்காக விளங்குகின்றன.

இச்செடி பெரும்பாலும் ஓராண்டுச் செடி. மழை விழுந்ததும் முளைத்து, பூத்துக் காய்த்து, வெயில் முற்றும்போது விதையைச் சிதறிவிட்டுக் காய்ந்துபோகும். நீர் தொடர்ந்து கிடைக்கும் இடத்தில் ஓராண்டுக்கு மேலும் நிற்பதுண்டு. விதையின் தோல் கடினமானது. ஆதலின் சிந்திய விதை அனைத்தும் ஒரே மழையில் முளைத்துவிடுவதில்லை. ஓராண்டு பறித்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணலாகாது.

இச்செடியை நாடி வரும் உயிர்களும் உண்டு. பெரிய கருவண்டு போன்ற தச்சுத் தேனீக்கள் பூவில் அமர்ந்து படகிதழைத் தம் கனத்தால் அழுத்தித் திறக்கின்றன. செடி வாடிக் காய்ந்த பிறகு, கரிய சிறகில் நீலப் புள்ளிகளும் வரிகளும் உடைய வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து தண்டிலும் காயிலும் மொய்ப்பதைக் காணலாம். அவை அங்குத் தேன் தேடி வருவனவல்ல. செடியிலுள்ள ஒரு நச்சுப்பொருளை உறிஞ்சி, தம்மைப் பறவைகளிடமிருந்து காத்துக்கொள்ளவும், ஆண்பூச்சிகள் பெண்பூச்சிகளைக் கவரும் மணத்தை உண்டாக்கிக்கொள்ளவும் வருகின்றன. பூச்சிக்குக் காப்பாகும் அந்நஞ்சே மாட்டுக்கும் மனிதருக்கும் கேடாகிறது.

நஞ்சு என்ன செய்யும்?

இவ்வினத்துச் செடிகளில், முக்கியமாக விதைகளில், பைரோலிசிடின் என்னும் வகையைச் சேர்ந்த காரப்பொருள்கள் உள்ளன. ரெட்டூசாவில் உள்ளதற்கு மோனோகுரோட்டலின் என்று பெயர். இது உடலில் புகுந்தால் ஈரலில் மாற்றமடைந்து, ஈரலையே தாக்குகிறது. ஈரலின் சிறு இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. சமைப்பதால் நஞ்சு நீங்கிவிடும் என்று நம்புதற்கில்லை. இதற்கென்று தனி மாற்று மருந்தும் இல்லை.

இதில் பெருந்தீமை யாதெனின், விளைவு உடனே தெரிவதில்லை. இன்று தின்ற மாடு நாளை நன்றாகவே இருக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து இரை எடுக்காமல் மெலியும், கழியும், மஞ்சட்காமாலை காணும். அதற்குள் உடையவர் செடியை மறந்திருப்பார். கண்ணேறு என்றும் காலக்கேடு என்றும் பழியை வேறெங்கோ போடுவார். மாடு, குதிரை, பன்றி, கோழி ஆகியவை இந்நஞ்சுக்கு எளிதில் ஆட்படுவன. ஆடுகள் ஓரளவு தாங்கும் எனினும், தாங்கும் என்பதனால் தரலாம் என்று பொருளன்று. ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லி என்னும் பகுதியில் குதிரைகள் நிலையின்றி நடந்துகொண்டே இருந்து மடியும் ஒரு நோய்க்குக் காரணம் இவ்வினத்துச் செடிகளே, ரெட்டூசா உட்பட, என்று கண்டறிந்துள்ளனர்.

சர்குஜா தந்த பாடம்

இனி, நானா என்னும் சிறு செடியின் கதைக்கு வருவோம். 1973-ஆம் ஆண்டிலும் 1975-ஆம் ஆண்டிலும், அன்று மத்தியப் பிரதேசத்தில் இருந்ததும் இன்று சத்தீஸ்கரில் சேர்ந்ததுமான சர்குஜா மாவட்டத்துக் கிராமங்களில் மக்களுக்கு வயிறு வீங்கி நீர் கோத்துக்கொள்ளும் நோய் பரவிற்று. ஆராய்ந்த மருத்துவர்கள் 67 நோயாளிகளைப் பதிவு செய்தனர். அவர்களுள் 28 பேர் இறந்தனர். அது தொற்றுநோயன்று. அம்மக்கள் உண்ட தானியத்தில் கிரொட்டலேரியா விதைகள் கலந்திருந்ததே காரணமாயிருக்கும் என்று மருத்துவர்கள் கண்டனர். அவ்விதையில் மேற்கூறிய நஞ்சு இருப்பதும் சோதனையில் தெரிந்தது. 1976-ல் இச்செய்தி உலக மருத்துவ ஏட்டில் வெளிவந்தது.

அந்தத் தானியம் யாது? அவ்வூரார் கோந்த்லி என்பர்; நாம் சாமை என்போம். சவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் தருமபுரிப் பகுதியிலும் விளைந்து நம் வீடுகளுக்கு வருகின்ற அதே சாமைதான்!

சாமைக் கொல்லையில் சாணளவுச் செடியொன்று மஞ்சட்பூப் பூத்து நின்றபோது அதை எவரும் பொருட்படுத்தவில்லை. கதிரோடு சேர்த்து அறுத்தார்கள்; சேர்த்து அடித்தார்கள்; சேர்த்துத் தூற்றினார்கள். தானியமாகிக் குதிருக்குள் போனபின் சிறு விதையையும் சிறு தானியத்தையும் யார் பிரிப்பது? பூவாக நின்றபோது ஒரு கைவீச்சில் பறித்திருக்கக் கூடியது, விதையான பின் 28 உயிர்களைக் கொண்டுபோயிற்று. செடியை இனங்காணும் கல்வி பொழுதுபோக்குக்கு உரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

செல்வமும் விஞ்ஞானமும் மிகுந்த நாடுகளும் இவ்வகையில் தவறியதுண்டு. அமெரிக்காவின் தென்பகுதி மாநிலங்களில் மணற்பாங்கான நிலத்தை வளப்படுத்தவென்று 1920-களில் ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மற்றொரு கிலுகிலுப்பையைத் தழையுரமாகப் பயிரிட்டனர். அதுவும் நம் நாட்டில் இயற்கையாக வளர்வதே. நிலம் வளம் பெற்றது உண்மை. ஆனால் அச்செடி வயலைத் தாண்டிப் பரவியது. சோளத்திலும் சோயா மொச்சையிலும் விதை கலந்தது. கோழிகளும் கால்நடைகளும் மடிந்தன. தழையுரமாக நல்லதெல்லாம் தீவனமாகவும் நல்லதாயிராது என்பது அதனால் விளைந்த பாடம்.

செடியைப் பகைக்க வேண்டுமா?

இவ்வளவும் படித்தபின், கிலுகிலுப்பை எங்குத் தென்பட்டாலும் வேரோடு அழித்துவிட வேண்டும் என்று அங்கத்தினர்கள் சிலர் எண்ணக்கூடும். அது எம் கருத்தன்று. ஏரிக்கரையிலும் தரிசிலும் தன்பாட்டில் நிற்கும் செடி மண்ணை வளப்படுத்துகிறது, தேனீக்களுக்கு உணவளிக்கிறது, மடக்கி உழுதால் எருவாகிறது. வாயில் போகாதவரை அதனால் தீங்கில்லை. இருக்கவேண்டிய இடத்தில் இருக்கட்டும். தீவனக் கட்டிலும் தானியக் களத்திலும் விதை மூட்டையிலும் அதற்கு இடமில்லை என்பதே நாம் வலியுறுத்துவது.

சணப்பின் பெருமையும் இதனால் குறையாது. விதைத்து 45 நாள் அளவில், பூக்கத் தொடங்கும் பருவத்தில் மடக்கி உழுதால் நெல்வயலுக்கு அதைவிட எளிய உரம் அரிது. முற்றவிட்டு நீரில் ஊறவைத்து நாரெடுத்தால் கயிறும் வலையும் சாக்கும் ஆகும். அந்நாருக்கென்றே உத்தரப் பிரதேசத்துப் பிரதாப்கரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. ஆயினும் சணப்பு விதையிலும் அந்நச்சு வகை சிறிதளவு உண்டு என்பதை அறிந்து, அவ்விதையைக் கால்நடைக்கோ கோழிக்கோ போடாதிருத்தல் வேண்டும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை

ஒன்று. சாமை, தினை, வரகு பயிரிடுவோர், பயிர் கதிர் வாங்கும் பருவத்தில் ஒருமுறை கொல்லையைச் சுற்றிவந்து, உப்பிய காயுடைய சிறு மஞ்சட்பூச் செடிகளைப் பறித்துவிடல் வேண்டும். பூத்த வாரமே பறிக்கத் தக்க வாரம். காய் முற்றுமுன் பறித்தால் விதை மண்ணில் சிந்தாது.

இரண்டு. சணப்பை விதைக்காக விடுவோர், மொட்டை இலையும் வழவழப்பான காயும் உடைய செடிகளை வயலில் நிற்கும்போதே அகற்ற வேண்டும். மூட்டையில் விழுந்தபின் பிரிப்பது அரிது. ஒருவர் வயலின் கலப்பு, சங்கத்தின் வாயிலாக நூறு பேர் வயலுக்குப் போகும் என்பதை நினைவிற் கொள்க.

மூன்று. அறிமுகமில்லாத செடியை அறுத்துத் தீவனமாகப் போடுமுன், பூவும் காயும் வேரும் கூடிய ஒரு செடியைச் சங்கத்திற்குக் கொணர்க. செய்தித்தாள்களுக்கிடையே பரப்பி மேலே பாரம் வைத்து, தாளை நாள்தோறும் மாற்றிவந்தால் ஒரு வாரத்தில் செடி நிறம் குன்றாமல் உலர்ந்துவிடும். எடுத்த இடம், தேதி, செடியின் உயரம், பூவின் நிறம் ஆகியவற்றை அப்போதே எழுதி வைத்தல் இன்றியமையாதது. உலர்ந்தபின் நிறம் பொய் சொல்லும். ஐயம் தீராத செடிகளைக் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்திற்கு அனுப்பிக் கேட்கலாம். பழைய சென்னை மாகாணத்தின் உலர்செடித் தொகுப்பு அங்கேதான் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

நான்கு. கிலுகிலுப்பையின் இலையை நாட்டு மருத்துவத்தில் கையாளும் வழக்கம் உண்டு. ஆனால் கற்றறிந்த வைத்தியர் தருவது வேறு. நாமே பறித்துக் கஷாயமிட்டுக் குடிப்பது வேறு. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஜமைக்காவில், இவ்வினத்துச் செடியொன்றின் இலையை மருந்துத் தேநீராகக் காய்ச்சிக் கொடுத்ததனால் குழந்தைகள் ஈரல் நோயுற்றதை 1950-களிலேயே மருத்துவர்கள் கண்டு எழுதியுள்ளனர்.

சங்க அலுவலகத்தின் சுவரில் இப்பொழுது ஓர் அட்டை தொங்குகிறது. அதன் இடப்பக்கத்தில் சணப்பின் கிளையும், வலப்பக்கத்தில் ரெட்டூசாவின் கிளையும், இரண்டின் காய்களும் உலர்த்தி ஒட்டப்பட்டுள்ளன. மேசையடியில் உள்ள பெட்டியில் முற்றிய காய்கள் சில கிடக்கின்றன. தாய்மாருடன் வரும் குழந்தைகள் அவற்றை எடுத்து ஆட்டிப் பார்ப்பதுண்டு. வாயில் வைத்துவிடாதபடி அப்பெட்டிக்கு இப்போது ஒரு மூடியும் பூட்டும் போட்டிருக்கிறோம். அட்டையைத் தயாரிக்க நாம் முதலில் அழைத்தது அந்த மூதாட்டியாரைத்தான். இரு கிளைகளையும் எந்தப் பக்கம் ஒட்டுவது என்று அவரே காட்டினார்.

"தாராளமாகப் போடுங்கள்" என்று அன்று சொன்ன நம் நண்பர், இப்போது எந்தச் செடியை யார் காட்டினாலும் முதலில் இலை நுனியைத் திருப்பிப் பார்க்கிறார். பிறகு, "ஆத்தாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்கிறார். தெரியாததைத் தெரியாது என்று கூறி, தெரிந்தவரிடம் கேட்டு, கேட்டதைப் பலரோடும் பகிர்ந்துகொள்வதும் கூட்டுறவே. அங்கத்தினர்கள் அடுத்த முறை சங்கத்திற்கு வரும்போது அவ்வட்டையின்முன் சற்றே நின்று, இரு இலைகளின் நுனியையும் பார்த்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.